நான்காவது தண்டவாளம் வருமுன் எழுத வேண்டிய விதி

புதுப்பட்டினத்தில் ரயில் நிலையம் இல்லை. கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் பக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி வளர்ந்த ஊர் இது. இங்கிருந்து திருச்சிக்கோ மதுரைக்கோ ரயிலேற வேண்டுமென்றால், திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்து பிடித்துச் செங்கல்பட்டு சந்திப்புக்கு வந்து சேர வேண்டும். எந்த விரைவு ரயில் செங்கல்பட்டில் நிற்கும், கடற்கரை நிலையத்துக்குப் போகும் மின்சார ரயில் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வரும், வருகிற ரயில் சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டியதும் சிக்னலில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதெல்லாம் இந்தக் கடலோர ஊர்க்காரர்களின் நாளைத் தீர்மானிக்கின்றன. ஆனால் இந்த முடிவுகள் எந்தக் கணக்கின்படி எடுக்கப்படுகின்றன என்பது அவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை.

தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே நான்காவது தண்டவாளம் அமைக்க, சுமார் 757 கோடி ரூபாய் மதிப்பில், ரயில்வே அமைச்சகம் 2025-ல் ஒப்புதல் அளித்துள்ளது. நீண்ட நாள் கோரிக்கை நிறைவேறப் போகிறது என்ற மகிழ்ச்சி நியாயமானது. அதோடு ஒரு கேள்வியையும் இப்போதே கேட்டாக வேண்டும்: புதிதாகக் கிடைக்கும் பாதை நேரம், அதாவது தண்டவாளத்தில் ஒரு ரயில் ஓட ஒதுக்கப்படும் நேரம், யாருக்கு? தண்டவாளம் போடுவது பொறியாளர்களின் வேலை. அதில் ஓடும் உரிமையைப் பங்கிடுவது பொது நீதியைச் சார்ந்தது. அந்தப் பங்கீட்டுக்கான விதி, பாதை திறக்கப்படும் முன்பே எழுதப்பட்டு எல்லோர் பார்வைக்கும் வைக்கப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒரே பாதை, பல உரிமைக்காரர்கள்

சென்னைக் கடற்கரை முதல் தாம்பரம் வரையிலான பாதை 1931-ல் மின்மயமானது. தென்னிந்திய ரயில்வே காலத்தில் மீட்டர் கேஜில் ஓடத் தொடங்கிய மின்ரயில், சென்னையின் தெற்குப் புறநகரையே உருவாக்கியது. மாம்பலமும் பல்லாவரமும் குரோம்பேட்டையும் அந்தப் பாதையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவை. 2004 ஜூலையில் மீட்டர் கேஜ் சேவை முடிவுக்கு வந்து அகலப்பாதை முழுமையானபோது, நகரம் தாம்பரத்தைக் கடந்து கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் பக்கம் நகர்ந்துவிட்டிருந்தது.

இன்று எழும்பூரிலிருந்து தாம்பரம் வரை நான்கு தண்டவாளங்கள் உள்ளன. இரண்டில் புறநகர் மின்ரயில்களும் இரண்டில் வெளியூர் ரயில்களும் ஓடுகின்றன. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை மூன்று. மூன்றாவது பாதை கட்டங்கட்டமாகப் போடப்பட்டு 2022-க்குள் முடிந்தது. செங்கல்பட்டுக்குத் தெற்கே விழுப்புரம் வரை இரண்டு. அரக்கோணம் நோக்கிக் காஞ்சிபுரம் வழியாகப் பிரியும் கிளையில் ஒன்றே ஒன்று. தெற்கே போகப் போகப் பாதை ஒடுங்குகிறது. தென்மாவட்டங்களிலிருந்து தலைநகருக்கு வரும் ரயில்களின் தேவையோ ஆண்டுக்காண்டு கூடுகிறது.

இந்தத் தண்டவாளங்களில் ஓட உரிமை கோருபவர்கள் யார் யார்? காலையிலும் மாலையிலும் நெருக்கியடித்துப் பயணம் செய்யும் புறநகர்ப் பயணிகள். மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில், ராமேசுவரம் செல்லும் விரைவு ரயில் பயணிகள். 2023 செப்டம்பரில் திருநெல்வேலிக்கும் 2024 ஆகஸ்டில் நாகர்கோவிலுக்கும் தொடங்கிய வந்தே பாரத் ரயில்கள். மேல்மருவத்தூருக்கும் திருமால்பூருக்கும் நீளும் மின்ரயில்கள். சென்னை நகருக்குள் நுழையாமல் அரக்கோணத்திலிருந்து செங்கல்பட்டு வழியாகத் தெற்கே இறங்கும் சரக்கு ரயில்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஆலைகளில் செய்த கார்களை வாலாஜாபாத்தில் ஏற்றிக்கொண்டு போகும் வாகன ரயில்கள்.

2025 ஏப்ரலில் இவர்களோடு குளிர்சாதன மின்ரயிலும் சேர்ந்தது. கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வரை அதில் 105 ரூபாய். குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். சாதாரண மின்ரயிலில் குறைந்தபட்சம் 5 ரூபாய்தான். இரண்டும் ஒரே புறநகர்ப் பாதையில் ஓடும் வண்டிகள். எடுத்துக்கொள்ளும் பாதை நேரமும் ஏறத்தாழ ஒன்றே. நெரிசல் மிகுந்த காலைப் பொழுதில் ஒரு பாதை நேரத்தை 35 ரூபாய்ப் பயணிக்குக் கொடுப்பதா, 5 ரூபாய்ப் பயணிக்குக் கொடுப்பதா என்பது வெறும் கால அட்டவணை விவகாரம் அல்ல. யாருடைய நேரத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதையும் அது தீர்மானிக்கிறது.

ஒரு விரைவு ரயிலுக்கு ஐந்து மின்ரயில்

பாதையின் கொள்ளளவு என்பது தண்டவாளத்தின் நீளத்தையோ எண்ணிக்கையையோ மட்டும் பொறுத்ததல்ல. அதில் எந்தெந்த வேகத்து வண்டிகள் கலந்து ஓடுகின்றன என்பதுதான் பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கிறது. தாம்பரம்–செங்கல்பட்டு இடையிலான 30 கிலோமீட்டரைக் கொண்டே இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இதிலுள்ள எண்கள் கணக்கு எளிதாக இருக்க வேண்டி முழுமையாக்கப்பட்டவை.

பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்கொளத்தூர், மறைமலைநகர், சிங்கப்பெருமாள் கோவில், பரனூர் என ஒன்பது நிலையங்களில் நின்று போகும் மின்ரயிலுக்கு 40 நிமிடம் ஆகிறது என்று கொள்வோம். எங்கும் நிற்காத விரைவு ரயிலுக்கு 20 நிமிடம். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் குறைந்தது 5 நிமிட இடைவெளி வேண்டும். மின்ரயில்கள் மட்டுமே ஓடினால் ஒரே தண்டவாளத்தில் மணிக்குப் பன்னிரண்டு விடலாம்.

இப்போது அந்த வரிசைக்குள் ஒரு விரைவு ரயிலை நுழைப்போம். 6.00 மணிக்குத் தாம்பரத்தை விட்ட மின்ரயில் 6.40-க்குச் செங்கல்பட்டை அடையும். அதன் வாலைப் பிடிக்காமல் விரைவு ரயில் அங்கே சேர வேண்டுமானால் 6.45-க்கு முன்னால் வரக்கூடாது; ஆகவே 6.25-க்குத்தான் தாம்பரத்திலிருந்து புறப்பட முடியும். அடுத்த மின்ரயில் 6.30-க்கு. 6.05, 6.10, 6.15, 6.20, 6.25 ஆகிய ஐந்து புறப்பாடுகளும் போய்விட்டன. ஒரு விரைவு ரயில் ஐந்து மின்ரயில்களின் இடத்தைத் தின்றுவிட்டது.

அந்த விரைவு ரயிலுக்குப் பின்னாலேயே இன்னொன்றை 6.30-க்கு விட்டால், இரண்டுக்கும் சேர்த்துப் போவது ஆறு மின்ரயில்கள்தான்; மூன்றை அடுத்தடுத்து விட்டால் ஏழு. அதே மூன்றையும் தனித்தனி நேரத்தில் விட்டிருந்தால் பதினைந்து போயிருக்கும். வேகமான வண்டிகளைக் கூட்டாகவும் மெதுவான வண்டிகளைக் கூட்டாகவும் அனுப்பினால், ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் பாதையின் கொள்ளளவு கூடும். ஆனால் அப்படிக் கூட்டினால் மதுரைக்காரருக்கும் திருநெல்வேலிக்காரருக்கும் புறப்படும் நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி குறையும். ஒருவர் வசதியைக் கூட்டினால் இன்னொருவர் வசதி குறைவதைத் தவிர்க்க முடியாது.

இடையில் ஒரு நிலையத்தின் லூப் லைனில் மின்ரயிலை ஒதுக்கி நிறுத்தி, விரைவு ரயிலை முன்னே விடுவது இன்னொரு வழி. அப்படிச் செய்தால் வண்டிகளின் எண்ணிக்கையில் இழப்பு குறையும்; மின்ரயிலுக்குள் நிற்பவர்களின் நேரம் இழப்பாகும். ரயில்வேயின் கணக்கில் வண்டி ஓடியது என்றுதான் பதிவாகும். உள்ளே நின்றவரின் பத்து நிமிடத்தை யாரும் எழுதி வைப்பதில்லை.

யாருக்கு முன்னுரிமை தருவது நியாயம் என்று சொல்வதும் எளிதல்ல. குளிர்சாதன மின்ரயிலில் உட்காருபவர்களும் நிற்பவர்களுமாக ஏறத்தாழ 4,900 பேர் போகலாம் என்று ரயில்வே சொல்கிறது. 16 பெட்டிகள் கொண்ட வந்தே பாரத்தில் 1,128 இருக்கைகள். தலையை எண்ணினால் ஐந்து மின்ரயில்களில் போகும் 24,500 பேருக்கு முன்னால் 1,128 பேர் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் அந்த 1,128 பேரும் 650 கிலோமீட்டர் பயணம் செய்தால் மொத்தம் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பயணி-கிலோமீட்டர் ஆகிறது. மின்ரயில் பயணி சராசரியாக 25 கிலோமீட்டர் போகிறார் என்று வைத்தால், ஐந்து மின்ரயில்களும் சேர்ந்து ஆறு லட்சத்தைத்தான் தாண்டுகின்றன. எதை அளவுகோலாகக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்துத் தீர்ப்பு தலைகீழாகிறது. ஆகவே அளவுகோலைத் தேர்ந்தெடுப்பதுதான் இதில் உண்மையான முடிவு. அதை மூடிய அறைக்குள் எடுக்கக்கூடாது.

ஒற்றைத் தண்டவாளத்தில் நெருக்கடி இன்னும் கடுமை. ஒரு பாதையில் நாளொன்றுக்கு எத்தனை ரயில் விடலாம் என்பதற்கு இந்திய ரயில்வே நெடுங்காலமாகப் பயன்படுத்தும் ஸ்காட் சூத்திரம் எளிமையானது. ஒரு நாளின் 1,440 நிமிடங்களை, ஒரு நேரத்தில் ஒரு ரயில் மட்டுமே செல்லக்கூடிய பிளாக் பகுதிகளில் மிக நீண்டதை மெதுவான வண்டி கடக்கும் நேரமும் சிக்னல் வேலைக்கான நேரமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்து, நடைமுறைத் தடங்கல்களுக்காக 0.7 போன்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். கடக்க 15 நிமிடம், சிக்னலுக்கு 5 நிமிடம் என்றால் இருபுறமும் சேர்த்து 50 ரயில்கள். காஞ்சிபுரம் கிளையில் பட்டு வாங்க வருபவரும், செங்கல்பட்டுக்கு வேலைக்கு வருபவரும், சரக்கு ரயிலும், கார் ஏற்றிய ரயிலும் இப்படிப்பட்ட ஒரு சிறிய எண்ணுக்குள்தான் பங்கு பிரித்துக்கொள்ள வேண்டும்.

இன்று பங்கிடுவது யார்?

ஆண்டுதோறும் ரயில்வே மண்டலங்களின் அதிகாரிகள் கூடும் கால அட்டவணைக் குழு, புதிய ரயில்களையும் நேர மாற்றங்களையும் பேசி முடிவெடுக்கிறது. அன்றாட ஓட்டத்தில் கோட்டக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருக்கும் செக்‌ஷன் கண்ட்ரோலர்தான் எதை விடுவது, எதை நிறுத்துவது என்று சொல்கிறார். நேரம் ஓர் அச்சிலும் நிலையங்கள் மறு அச்சிலுமாக இருக்கும் வரைபடத்தில் ஒவ்வொரு ரயிலும் ஒரு சாய்கோடு. வேகமான வண்டியின் கோடு செங்குத்தாகவும் மெதுவான வண்டியின் கோடு படுத்தும் இருக்கும். இரண்டு கோடுகள் சந்திக்கும் இடத்தில் ஏதோ ஒன்று நின்றாக வேண்டும். எது நிற்கும் என்பதற்கு வழிவழியான ஒரு வரிசை இருக்கிறது. விபத்து நடந்த இடத்துக்கு விரையும் நிவாரண ரயிலுக்கே முதலிடம். நெரிசல் நேரத்தில் புறநகர் ரயில்களுக்கு முன்னுரிமை உண்டு. மற்ற வேளைகளில் உயர்வகை ரயில்கள் முன்னும் சாதாரணப் பயணி ரயில்களும் சரக்கு ரயில்களும் பின்னுமாகப் போகும்.

சரக்குக்குச் சட்டத்திலேயே இடம் உண்டு. எந்தவொரு நபருக்கோ சரக்கு வகைக்கோ நியாயமற்ற சலுகை காட்டக்கூடாது என்கிறது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 70-வது பிரிவு. பொதுநலன் கருதிச் சில சரக்குகளுக்கு முன்னுரிமை தரும்படி மத்திய அரசு ஆணையிடலாம் என்கிறது 71-வது பிரிவு. உணவு தானியமும் மின்நிலைய நிலக்கரியும் முன்னால் போவது இப்படித்தான். முன்னுரிமை கொடுப்பதும் சட்டத்துக்கு உட்பட்டு, எழுத்தில் இருக்க வேண்டும் என்ற கொள்கையை நம் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் இந்தப் பிரிவுகள் பேசுவது சரக்கைப் பற்றி மட்டுமே. நெரிசல் நேரத்தில் ஊரப்பாக்கத்தில் நிற்கும் பயணிக்கு இதற்கு இணையான எழுத்து உத்தரவாதம் கிடையாது.

இதில் பணமும் ஒரு சக்தி. ரயில்வேயின் போக்குவரத்து வருவாயில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கைச் சரக்கு ஈட்டித் தருகிறது. புறநகர் சேவை நட்டத்தில் ஓடுகிறது. வருவாயை மட்டும் பார்க்கும் நிர்வாகி எவரும் 5 ரூபாய்ப் பயணியின் பக்கம் நிற்கமாட்டார். அந்தப் பயணி ரயிலில் வராமல் ஜி.எஸ்.டி சாலைக்கு வந்தால் ஊருக்கு ஏற்படும் செலவு ரயில்வேயின் பேரேட்டில் பதிவாகாது.

தனியார் வந்த கதை

இதுவரை சொன்னது ஒரே உரிமையாளரின் வீட்டுக்குள் நடக்கும் பங்கீடு. வெளியார் வந்தபோது என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். அது இந்தியாவில் ஏற்கெனவே பலமுறை நடந்துவிட்டது.

கன்டெய்னர் ரயில்களை இயக்கும் உரிமை 2006-ல் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. அதுவரை அந்தத் தொழிலைக் கையில் வைத்திருந்தது, ரயில்வேயின் கீழ் 1988-ல் தொடங்கப்பட்ட கான்கார். ஏறத்தாழ பதினைந்து நிறுவனங்கள் உரிமம் வாங்கின. பெட்டிகள் அவர்களுடையவை, இஞ்சின், தண்டவாளம், சிக்னல், கால அட்டவணை எல்லாம் ரயில்வேயுடையவை. இழுவைக் கட்டணத்தை நிர்ணயிப்பதும் ரயில்வேதான். அர்ஷியா என்ற நிறுவனம், கட்டணத்திலும் வசதிகளிலும் பாரபட்சம் இருப்பதாக ரயில்வே அமைச்சகம் மீதும் கான்கார் மீதும் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் செய்தது. ரயில்வேயை ஆணையம் விசாரிக்கவே முடியாது என்ற வாதத்தை 2012-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே ஆண்டில் ஆணையம் புகாரைத் தள்ளுபடி செய்தது. புகார்தாரர் தோற்றார், ஆனால் ஆட்டக்காரரும் நடுவரும் ஒருவராகவே இருந்தால் முறையிட வேறொரு இடம் வேண்டும் என்பது அந்த வழக்கில் தெளிவானது.

2020 ஜூலையில் இன்னும் பெரிய முயற்சி. 109 தடங்களில் 151 நவீன ரயில்களைத் தனியார் இயக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. 12 தொகுப்புகளில் சென்னைக்கும் ஒன்று. உரிமம் 35 ஆண்டுகளுக்கு. எதிர்பார்த்த முதலீடு 30,000 கோடி ரூபாய். தனியார் ரயில் புறப்படும் நேரத்திலிருந்து 60 நிமிடத்துக்குள் அதே இரு ஊர்களுக்கிடையே அதேபோன்ற புதிய ரயிலை ரயில்வே விடக்கூடாது என்ற நிபந்தனையும் வரைவில் இருந்தது. அரசுக்கே சொந்தமான தண்டவாளத்தில் ஒரு மணி நேரத்தை ஒருவருக்காக வேலி போட்டு வைக்கும் ஏற்பாடு அது.

முதல் சுற்றில் 15 நிறுவனங்களிடமிருந்து 120 விண்ணப்பங்கள் வந்தன. 2021 ஜூலையில் விலைப்புள்ளிகளைத் திறந்தபோது மிஞ்சியவர்கள் இருவரே: ரயில்வேயின் சொந்த நிறுவனமான ஐ.ஆர்.சி.டி.சி, மற்றொன்று மேகா இன்ஜினியரிங். திட்டம் கைவிடப்பட்டது. இழுவைக் கட்டணமும் வருவாய்ப் பங்கும் சுமையாக இருந்தன என்பது ஒரு காரணம். தாமதமானாலோ பாரபட்சம் நேர்ந்தாலோ முறையிடச் சுதந்திரமான ஒழுங்காணையம் இல்லை என்பது இன்னொரு காரணம். ரயில் வளர்ச்சி ஆணையம் என்ற அமைப்புக்கு 2017 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருந்தும், அது நடைமுறைக்கு வரவில்லை.

தனியார் ரயிலை எதிர்த்தவர்கள் திட்டம் கைவிடப்பட்டதை வெற்றியாகக் கருதினார்கள். ஆனால் தனியார் போய்விடவில்லை. தனியார் இயக்கிய முதல் பாரத் கௌரவ் சுற்றுலா ரயில் 2022 ஜூன் 14 அன்று தமிழ்நாட்டிலிருந்தே, கோயம்புத்தூரிலிருந்து ஷீரடிக்குப் புறப்பட்டது. வாகன ரயில்களைத் தனியார் இயக்கவும் கொள்கை இருக்கிறது. சென்னையின் பறக்கும் ரயிலை மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைக்க 2025-ல் ரயில்வே வாரியம் கொள்கையளவில் ஒப்புக்கொண்டது. அது நடந்தால் கடற்கரையிலும் பூங்கா நகரிலும் இரு நிறுவனங்கள் பக்கம்பக்கமாக ரயில் ஓட்டும். தண்டவாளத்தில் பல இயக்குநர்கள் என்ற நிலை ஏற்கெனவே வந்துவிட்டது. விதிதான் இன்னும் எழுதப்படவில்லை.

பிற நாடுகளின் அனுபவம்

தண்டவாளத்தையும் ரயிலையும் இரு கையாகப் பிரிக்கும் முயற்சியை முதலில் செய்தது ஸ்வீடன், 1988-ல். ஐரோப்பிய ஒன்றியம் 1991-ல் அதைக் கொள்கையாக்கியது. பிரிட்டன் 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்மூலம் மிகத் தீவிரமாகப் பிரித்தது. அங்கே சுதந்திர ஒழுங்காணையம் உண்டு. புதிதாக ஒருவர் ரயில் விட வந்தால், அவர் புதுப் பயணிகளைக் கொண்டுவருவாரா, இருக்கிற ரயிலின் வருவாயைப் பறிக்க மட்டும் வருகிறாரா என்று அது ஆராய்ந்து, முடிவைக் காரணங்களோடு வெளியிடும். நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கம் இது.

ஆனால் 2018 மே மாதத்தில் அங்கே புதிய கால அட்டவணை நடைமுறைக்கு வந்தபோது, வட இங்கிலாந்திலும் லண்டன் சுற்றுவட்டாரத்திலும் வாரக்கணக்கில் ரயில் சேவை குலைந்தது. தண்டவாள நிறுவனம், ரயில் நிறுவனங்கள், அரசு, ஒழுங்காணையம் என எல்லோரும் இருந்தும், முழுப் பொறுப்பையும் கையிலெடுக்க ஒருவரும் இருக்கவில்லை என்று விசாரணை சொன்னது. பயணி ரயில்களைப் பொதுவுடைமையாக்கும் சட்டத்தை பிரிட்டன் 2024-ல் நிறைவேற்றியது. பிரித்துவிட்டால் தானாக நியாயம் வந்துவிடாது என்பது இதன் பாடம்.

ஜப்பானில் 1987-ல் தேசிய ரயில்வே பிரிக்கப்பட்டபோது, தண்டவாளங்கள் பயணி நிறுவனங்களின் கைக்குப் போயின. சரக்கு நிறுவனம் பெரும்பாலும் அவர்கள் பாதையில்தான் ஓட வேண்டும். சரக்கு ரயில் ஓடாவிட்டால் மிச்சமாகும் செலவு எவ்வளவோ அதை மட்டும் கட்டணமாகக் கொடுத்தால் போதும் என்று விதி செய்தார்கள். சரக்கு பிழைத்தது, பாதை உரிமையாளருக்கு அதற்கு நல்ல நேரம் கொடுக்கும் ஆர்வம் இல்லாமல் போனது. கட்டணத்தை எப்படி வகுக்கிறோமோ அப்படித்தான் நடத்தையும் அமையும்.

ஏலம் விட்டால் என்ன என்ற யோசனையும் உண்டு. பால் புரூவர், சார்லஸ் பிளாட் ஆகிய பொருளாதார அறிஞர்கள் ஸ்வீடனை மனதில் வைத்து, ஒன்றோடொன்று மோதும் பாதை நேரங்களை ஏலத்தில் பங்கிடும் முறையை 1996-ல் வெளியிட்டார்கள். சோதனைக்கூடத்தில் அது நன்றாக வேலை செய்தது. ஸ்பெயின் தன் அதிவேகப் பாதைகளின் நேரத்தை மூன்று பொட்டலங்களாகக் கட்டி 2019-ல் மூன்று நிறுவனங்களுக்குக் கொடுத்தது. மாட்ரிட்–பார்சிலோனா தடத்தில் போட்டி வந்து கட்டணமும் இறங்கியது. ஆனால் அது காலியாகக் கிடந்த அதிவேகப் பாதை. ஓடுபவை எல்லாம் ஒரே வேகத்து வண்டிகள். மறைமலைநகர்த் தொழிலாளியும் மதுரைப் பயணியும் கார் தொழிற்சாலையும் ஒரே தண்டவாளத்துக்கு நிற்கும் இடத்தில் ஏலம் விட்டால், முதலில் வெளியேறுபவர் யார் என்பதில் ஐயமில்லை. சரக்குகளுக்கு இடையிலோ சுற்றுலா ரயில்களுக்கு இடையிலோ ஏலம் பயன்படலாம். அன்றாட வேலைக்குப் போகிறவரின் பங்கை முதலில் ஒதுக்கி வைத்த பிறகே அதைப் பேச வேண்டும்.

எழுத வேண்டிய விதி

செங்கல்பட்டு ஏரிகளின் மாவட்டம். தண்ணீர் குறைந்த ஆண்டில் முறை வைத்து மடை திறப்பது இங்கே பழைய வழக்கம். தலைமடைக்கு எவ்வளவு நேரம், கடைமடைக்கு எவ்வளவு நேரம் என்பது ஊரறிந்த கணக்காக இருக்கும். அதனால்தான் கடைமடை விவசாயி தன் முறை தவறினால் கேட்க முடிந்தது. தண்டவாள நேரத்துக்கும் அப்படியொரு ஊரறிந்த கணக்கு வேண்டும். அதில் நான்கு கூறுகளாவது இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலாவது, கொள்ளளவு அறிக்கை. தாம்பரம்–செங்கல்பட்டு, செங்கல்பட்டு–விழுப்புரம், செங்கல்பட்டு–அரக்கோணம் ஆகிய ஒவ்வொரு பகுதியிலும் மணிவாரியாக எத்தனை பாதை நேரம் இருக்கிறது, எவ்வகை ரயிலுக்கு எத்தனை போகிறது என்பதை ஆண்டுதோறும் தெற்கு ரயில்வே வெளியிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் தண்டவாள நிறுவனங்கள் பாதைக் கொள்ளளவைப் பங்கிடும் விதிகளை அறிக்கையாக வெளியிட்டாக வேண்டும்.

இரண்டாவது, புறநகர்ப் பயணிக்குக் குறைந்தபட்ச உத்தரவாதம். காலை, மாலை நெரிசல் நேரத்தில் இத்தனை நிமிடத்துக்கு ஒரு சாதாரணக் கட்டண ரயில் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். குளிர்சாதன ரயில் அதற்கு மேல் கூடுதலாக வரட்டும்.

மூன்றாவது, தின்னும் இடத்துக்கு ஏற்ற கட்டணம். ஐந்து மின்ரயில்களின் இடத்தை எடுக்கும் வேளையில் வரும் ரயிலுக்கு அதற்கேற்ற கட்டணமும், கூட்டாகவோ நெரிசலற்ற நேரத்திலோ வரும் ரயிலுக்குக் குறைந்த கட்டணமும் வைக்கலாம். ரயில்வேயின் சொந்த ரயிலுக்கும் தனியார் ரயிலுக்கும் ஒரே கணக்கு. தன் ரயிலானாலும் அதன் உண்மையான விலை ஏட்டில் ஏறினால்தான் முடிவெடுப்பவர் கண்ணுக்குப் படும்.

நான்காவது, முறையிட ஓர் இடம். 2017-ல் ஒப்புதல் பெற்ற ஆணையத்துக்குச் சட்ட வலிமையோடு உயிர் கொடுக்க வேண்டும். அதுவரை, 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்குப் புறநகர் கால அட்டவணையில் கருத்துச் சொல்லும் உரிமையாவது தரப்பட வேண்டும். கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையத்தை 2023 டிசம்பரில் மாநில அரசு திறந்தபோது அதனருகே ரயில் நிலையம் இல்லை. சாலையும் தண்டவாளமும் தனித்தனியே திட்டமிடப்பட்டால் இப்படித்தான் நேரும்.

இதெல்லாம் ரயில்வேயின் கையைக் கட்டிவிடும் என்று சொல்லப்படலாம். கண்ட்ரோலரின் அன்றாட முடிவுகளில் யாரும் தலையிட வேண்டியதில்லை. சிக்னல் பழுது, மழை, தண்டவாளத்தில் விரிசல் என்று வரும்போது உடனே முடிவெடுக்கும் சுதந்திரம் அவருக்கு வேண்டும். ஆண்டு முழுவதற்குமான பங்கீட்டைப் பற்றியது இந்தக் கோரிக்கை.

கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது தண்டவாளம் போட்ட அனுபவம் அண்மையது. நீளம் வெறும் 4.3 கிலோமீட்டர். அதற்காக 2023 ஆகஸ்ட் 27 முதல் கடற்கரை–சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் நிறுத்தப்பட்டது. ஏழு மாதம் என்றார்கள். 2024 அக்டோபர் 29 வரை, பதினான்கு மாதம் ஆனது. வேளச்சேரியிலிருந்து வந்தவர்கள் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி மாறிப் போனார்கள். புதிய தண்டவாளம் 2025 மார்ச்சில் பயன்பாட்டுக்கு வந்தது. விலையைக் கொடுத்தவர்கள் புறநகர்ப் பயணிகள். கிடைத்த பாதை நேரத்தில் அவர்களுக்கு எவ்வளவு, வெளியூர் ரயில்களுக்கு எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்லும் பொது ஆவணம் எதுவும் அவர்கள் கையில் இருக்கவில்லை.

மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூர் வரை கடலோர ரயில்பாதை என்ற திட்டம் பல ஆண்டுகளாகக் காகிதத்தில் இருக்கிறது. அது வந்தால் செங்கல்பட்டுப் பாதையின் சுமையும் இறங்கும். வரும்வரை புதுப்பட்டினத்துக்கும் அந்தக் கடலோரம் முழுமைக்கும் செங்கல்பட்டுதான் ரயிலின் வாசல். அங்கே ஒரு விரைவு ரயில் இரண்டு நிமிடம் நிற்பதா வேண்டாமா என்பதும் பாதை நேரப் பங்கீடுதான். அதைக் கேட்கும் உரிமை இந்த ஊர்களுக்கும் உண்டு.

ஒரு ரயிலுக்கு ஒருமுறை நேரம் ஒதுக்கிவிட்டால் அதைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். அந்த ரயிலைச் சுற்றிப் பயணிகள் தங்கள் வாழ்க்கையை அமைத்துக்கொண்டுவிடுவார்கள், ஒப்பந்தங்கள் கையெழுத்தாகிவிடும், அரசியல் ஆதரவு திரண்டுவிடும். பங்கீட்டு விதியை யாருடைய வயிற்றிலும் அடிக்காமல் எழுத முடிகிற காலம், புதிய கொள்ளளவு வரப்போகிற, ஆனால் இன்னும் யாருக்கும் சொந்தமாகாத காலம்தான். தாம்பரம்–செங்கல்பட்டு இடையே அந்தக் காலம் இப்போது தொடங்கியிருக்கிறது. நான்காவது பாதையின் மண்வேலையோடு கொள்ளளவு அறிக்கையின் வரைவும் வெளிவர வேண்டும். அதைக் கேட்க வேண்டியவர்கள் இந்தப் பாதையை நம்பி வாழும் நாம்தான்.